மழைக்கு ஒரு தரை, வெயிலுக்கு ஒரு தரை

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2009-ல் புறாக் கூண்டு கட்டினேன். 10 அடிக்கு 8 அடி. அதற்குப் பிறகு கூரையை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். அதில் ஒன்று, 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் தூக்கிக்கொண்டு போன கூரை. தரையை மாற்றியது ஏழு தடவை. அதற்கு எந்தப் புயலும் வர வேண்டியிருக்கவில்லை, என் புத்தியே போதுமானதாக இருந்தது.

புதிதாக ஓமர் (பந்தயப் புறா) ஜோடி வாங்குகிற பையன்கள் வந்து, "தரையில என்ன போடுறீங்கண்ணே?" என்று கேட்பார்கள். "எந்த மாசத்துக்குக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்பேன். கிண்டல் இல்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் ஊரில் பங்குனிக்குச் சரியாக இருக்கிற தரை, ஐப்பசியில் புறாவைக் கொன்றுவிடும். கோயம்புத்தூர்க்காரர் சொன்னதையும் பெல்ஜியத்துக்காரர் வீடியோவில் காட்டியதையும் இங்கே அப்படியே செய்ய முடியாது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஐந்தாறு வருடமாகிவிட்டது.

முதலில் எவ்வளவு எச்சம் என்று ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு புறா வருடத்துக்கு 10, 12 கிலோ போடும் என்பார்கள். என்னிடம் 18 ஜோடி இருக்கின்றன. அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விழுகிறது. எந்த விரிப்பும் இதை மாயமாக்காது. அன்றைக்கு நீங்கள் எடுக்காமல் விட்ட ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் விரிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், தினம் காலையில் எத்தனை நிமிடம் உள்ளே குனியப் போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 15 நிமிடம் என்றால் ஒரு வழி. வாரம் ஒரு தடவைதான் முடியும் என்றால் வேறு வழி. பொய் சொன்னால் புறாதான் அனுபவிக்கும்.

சுத்தம் பெரிதா, காய்ந்திருப்பது பெரிதா என்றால் நான் காய்ந்திருப்பதைத்தான் சொல்வேன். காக்சிடியா என்ற கிருமி எச்சத்தோடு முட்டை முட்டையாக வெளியே வரும். வந்த உடனே அது அடுத்த புறாவைத் தொற்றாது. சூடும் ஈரமும் கிடைத்து ஒன்றிரண்டு நாள் பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். வயிற்றுப் புழுவின் முட்டைக்கு இன்னும் கூடுதல் நாள் ஆகும். தினம் எடுத்துவிட்டாலும் சரி, காய வைத்துவிட்டாலும் சரி, அந்தச் சங்கிலி அறுந்துவிடும். காய்ந்து பொடியாகிப்போன பழைய எச்சத்தைவிட, நேற்று விழுந்து நசநசவென்று கிடக்கும் எச்சம்தான் எனக்குப் பயம்.

சரி, விரிப்புக்கு வருமுன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். என் கூண்டு முதலில் மாடித் தளத்தின் மேலேயே நேராக உட்கார்ந்திருந்தது. என்ன போட்டாலும் அடியில் ஈரம். ஒரு நாள், இரண்டு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சிமெண்ட் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டேன். காலையில் பிரித்தால் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. தளமே ஈரத்தைக் கக்குகிறது. தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதே சேதிதான். அந்த மாதமே ஹாலோ பிளாக் அடுக்கிக் கூண்டை ஒன்றரை அடி தூக்கிவிட்டேன். அடியில் காற்று ஓடத் தொடங்கியதும் பாதி நோய் போனது. இதைச் செய்யாமல் விரிப்புக்குச் செலவழிப்பது, ஓட்டை வாளிக்கு நல்ல கயிறு வாங்குகிற கதை.

அடுத்தது சாரல். வடகிழக்குப் பருவமழை பெயரிலேயே திசையைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கம் இடைவெளியில்லாமல் அடைத்துவிடுங்கள். திறப்பைத் தெற்கிலோ தென்மேற்கிலோ வையுங்கள். ஆனால் கிழக்குப் பக்கத்தில் திறந்து மூடுகிற மாதிரி ஒரு பலகை இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்றைவிட நல்ல மருந்து கிடையாது.

மூன்றாவது, எல்லோரும் மறந்துபோவது, தண்ணீர்க் கிண்ணம். கூண்டுக்குள் நிரந்தரமாக ஈரமாக இருக்கும் இடம் அதைச் சுற்றித்தான். என் கிண்ணம் இப்போது கம்பி வலைத் தட்டின் மேல் இருக்கிறது, சிந்துவது அடியிலுள்ள தட்டில் விழும். குளிக்க வைப்பதெல்லாம் வெளியே, வெயில் இருக்கிற நாளில், காலையிலேயே.

இனி விரிப்புகள். நான் செய்த முட்டாள்தனத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் வருடம் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலை இரண்டு சாக்கு கொண்டுவந்து கொட்டினேன். பார்க்க அழகு, காசும் இல்லை. மார்கழி வரை ஓடியது என்று நினைக்கிறேன். மழை இல்லாத நாளிலும் மணல் பிசுபிசுத்தது. கடல் மணலில் இருக்கிற உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், அதைக் காய வைக்கவே முடியாது. போதாக்குறைக்குப் புறாவுக்கு உப்பென்றால் உயிர். மணலைக் கொத்திக் கொத்தித் தின்றுவிட்டுத் தண்ணீராகக் குடித்தன, எச்சமும் தண்ணீராகவே போனது. நோய் என்று நினைத்து மருந்து வேறு கொடுத்தேன். மணலை அள்ளிய மூன்றாம் நாள் எல்லாம் சரியானது.

ஆற்று மணல் அப்படியில்லை. சலித்துக் காய வைத்த ஆற்று மணல், வெயில் காலத்தில் அருமையான தரை. எச்சம் உருண்டையாக மேலேயே நிற்கும். சல்லடைக் கரண்டியால் வாரிவிடலாம். ஆனால் கனம். 10-க்கு 8 அடித் தரையில் ஓர் அங்குலம் பரப்பினால் கிட்டத்தட்ட 6.7 கன அடி, ஏறக்குறைய 300 கிலோ. பலகைத் தரையும் தாங்காது, மாடிக்குத் தூக்கும் முதுகும் தாங்காது. தரையோடு தரையாகக் கூண்டு வைத்திருப்பவர்களுக்குச் சரிப்படும். எம்-சாண்ட் வேண்டாம், கல் தூசி அதிகம்.

உமி கோழிப் பண்ணைகளில் ஆழ்கூளத்துக்கு, அதாவது தரையில் தடிமனாகப் பரப்பும் விரிப்புக்குப் போடுகிற பொருள் என்பதால் நம்பிப் போட்டேன். கோழி நடக்கும், புறா பறக்கும் என்பதை யோசிக்கவில்லை. ஒரு சேவல் (ஆண் புறா) இறக்கையை அடித்து எழும்பினால் போதும், உமி முழுக்க மூலைக்குப் போய்விடும். நடுத்தரை மொட்டை. தண்ணீர்க் கிண்ணத்தில் உமி, தீனித் தட்டில் உமி, என் கண்ணிலும் உமி. வேர்க்கடலைத் தோல் பறக்காது, நம் மாவட்டத்தில் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வைக்கோலும் அப்படித்தான், கூடவே பேனுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்த மாதிரி.

தேங்காய் நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சும். அது நல்லதுதானே என்றால், உறிஞ்சியதை எளிதில் விடாது. செடிக்கு அது வரம், புறாவுக்கு இல்லை. காய்ந்தால் தூசி. தண்ணீர்க் கிண்ணத்தின் அடித்தட்டில் ஒரு பிடி போட மட்டும் வைத்திருக்கிறேன்.

மரத்தூளுக்கும் இழைப்புச் சுருளுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சா மில்லில் அறுக்கும்போது விழும் நுண்தூள் மூக்கில் ஏறும், தீனியோடு வயிற்றுக்குள்ளும் போகும். தச்சர் இழைப்புளி போடும்போது சுருண்டு விழுகிறதே, அதுதான் வேண்டும். லேசாக இருந்தாலும் சுருள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் பறக்காது, உள்ளே காற்றும் நிற்கும். பட்டறைக்குப் போய்க் கேட்கும்போது, "பச்சை மரமாண்ணே, காஞ்ச மரமா?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பச்சை மரத்துச் சுருள் சாக்குக்குள்ளேயே வெந்துபோகும். பிளைவுட், எம்.டி.எஃப் அறுக்கிற இடத்துத் தூளை ஓசியாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது மரத்தோடு பசையும் சேர்ந்த பொடி.

நம் பக்கத்துச் சரக்கு ஒன்று யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கிறது. சவுக்குச் சருகு. தோப்பு வெட்டுகிற இடங்களில் மெத்தை மாதிரி கிடக்கும். தண்ணீர் அதில் தங்குவதில்லை, வடிந்துவிடும். புறா முட்டையிட்டு அடைகாக்கும் குஞ்சுச் சட்டிக்குள் ஒரு கைப்பிடி போட்டால் புறாக்களே மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு போய் அடுக்கிக்கொள்கின்றன. அதற்கு அடியில் காய்ந்த வேப்பிலை கொஞ்சம் தூவிவிடுவேன். சருகை இரண்டு வெயில் காட்டி உதறாமல் உள்ளே கொண்டுபோக வேண்டாம், பூரான் வரும்.

செய்தித்தாள் வழுக்கும். குஞ்சு பொரித்த சட்டியில் வெறும் தாளைப் போட்டால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்காமலே போய்விடும். சட்டிக்குக் கீழே, அது இருக்கிற பெட்டியின் தளத்தில் போட்டு, தினம் சுருட்டி எடுங்கள். சணல் சாக்கு விரித்தால் அதன் நூல் பிரிந்து விரலில் சுற்றும். கவனிக்காமல் விட்டதில் ஒரு நல்ல பெட்டைக்கு ஒரு விரல் கறுத்து விழுந்துவிட்டது. ரப்பர் விரிப்பு, செயற்கைப் புல் இரண்டும் கடையில் அழகாக இருக்கும். அடியில் தேங்கும் ஈரத்தை ஒரு தடவை தூக்கி மோந்து பார்த்தால் போதும்.

வலைத் தரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கடைசியில் அங்கேதான் போகிறார்கள். தரை முழுக்க வெல்ட் மெஷ் எனும் கம்பி வலை, எச்சம் கீழே விழுந்துவிடும், புறா மிதிக்கவே மிதிக்காது, பேச்சளவில் இதற்கு இணை இல்லை. நானும் 2014-ல் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை போட்டேன். முதல் வருடம் சொர்க்கம். இரண்டாம் மழை முடிந்ததும் வெல்டு வைத்த இடங்களில் துரு. உப்புக் காற்றுக்கு எந்தக் கம்பெனி பூச்சும் நம் ஊரில் கொஞ்ச நாள்தான். துருப்பிடித்த முனை காலைக் கிழிக்கும். பி.வி.சி. பூச்சு போட்ட வலை இன்னும் தாங்குகிறது, ஆனால் வெட்டிய முனைகளை மடக்கிவிட வேண்டும்.

துருவை விடப் பெரிய தொல்லை, கண்ணில் படாதது. கீழே விழுந்த எச்சத்தை யார் அள்ளுவது? மேலே சுத்தமாகத் தெரிவதால் மனசு தள்ளிப்போடும். மழையில் அது ஊறி, புழு வைத்து, அந்த நாற்றம் நேராக மேலே புறாவின் மூக்குக்கே வரும். அப்போதுதான் ஃபிளெக்ஸ் பேனர் யோசனை வந்தது. கல்யாண பேனர், கட்சி பேனர் எல்லாம் முடிந்தபின் மூலையில்தானே கிடக்கிறது. வலைக்கு அடியில் அதை விரித்து, மூன்று நாளைக்கு ஒரு தடவை இழுத்து உதறிக் கழுவிக் காய வைத்தேன். ஒரே ஒரு எச்சரிக்கை. தலைவர் முகம் மேலே தெரிகிற மாதிரி விரிக்காதீர்கள். எதிர் வீட்டு மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஒருவர் சண்டைக்கு வந்தார், நியாயமாகவும் இருந்தது.

பரண் மேல் ஆடு வளர்ப்பவர்கள் போடும் பிளாஸ்டிக் சட்டத் தரை இப்போது எளிதாகக் கிடைக்கிறது. துருப்பிடிக்காது, பீய்ச்சிக் கழுவலாம். ஆனால் ஆட்டுப் புழுக்கை உருண்டை, தானே விழும். புறா எச்சம் ஒட்டும். பாதிதான் கீழே போகும், மீதியை நீங்கள்தான் தள்ள வேண்டும். குஞ்சின் கால் இடுக்கில் மாட்டாத அளவுக்குச் சந்து இருக்கிறதா என்று கையில் ஒரு குஞ்சோடு போய்ப் பார்த்து வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு என் கூண்டில் இன்று ஒரே தரை இல்லை. ஏன் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும் என்று யோசித்ததும்தான் விடிவு பிறந்தது. ராத்திரி முழுக்கப் புறாக்கள் உட்காரும் பலகைகளுக்கு நேர் கீழேதான் எச்சத்தில் பெரும்பங்கு விழுகிறது. அங்கே மூன்றடி அகலத்துக்குப் பி.வி.சி. பூச்சு வலை, அடியில் பேனர். தண்ணீருக்கு வலைத் தட்டு. தீனி வைக்கிற நடுப்பகுதி வெறும் சிமெண்ட் போர்டு, ஒன்றும் விரிப்பதில்லை. வெறுந்தரையில்தான் எச்சத்தின் லட்சணம் தெரியும். கெட்டியாகச் சுருண்டு உச்சியில் வெள்ளைத் தொப்பி இருந்தால் அன்றைக்கு நிம்மதி. பச்சையாகத் தண்ணீர் விட்டிருந்தால் அன்றே யார் என்று பிடித்துவிடலாம். சுருளுக்குள் அது மறைந்துவிடும். பெட்டிகள் இருக்கிற பின்பக்கத்தில் மட்டும் தை முதல் புரட்டாசி வரை இரண்டு அங்குலம் இழைப்புச் சுருள். புரட்டாசி முடியும்போது அதையும் மொத்தமாக வாரிவிட்டு, போர்டை வெறுமையாக்கி, காலை மாலை இரண்டு வேளையும் சுரண்டுகிறேன். மழைக்காலத்தில் விரிப்பு என்பது ஈரத்துக்குக் கட்டிய வீடு. பொங்கலுக்குக் காப்புக் கட்டி முடித்த கையோடு புதுச் சுருள்.

சுருள் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து கையைத் திறங்கள். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி நின்றால் அன்றே வெளியே. பிடித்தவுடன் புகை மாதிரி தூசி கிளம்பினால் அதுவும் கூடாது.

சுண்ணாம்பு தூவுவதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். நீர்த்த சுண்ணாம்பை, சுரண்டிக் காய்ந்த வெறுந்தரையில், கோலமாவு தூவுகிற அளவுக்கு மெல்லியதாகப் போட்டு அதன் மேல் சுருள் பரப்புங்கள். ஈர எச்சத்தின் மேல் கொட்டினால் அதிலிருக்கிற அமோனியாவை அது இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும், கண் எரியும், புறாவுக்கு மூச்சு முட்டும். சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்க்காமல் போடவே போடாதீர்கள், ஈரம் பட்டதும் கால் வெந்துவிடும்.

சுரண்டுவதற்குப் பெயிண்டர் வைத்திருக்கும் பட்டித் தகடுதான், 4 அங்குலம். துடைப்பம் வேண்டாம். என் தொழில் மோட்டார் வைண்டிங் என்பதால் ஆரம்பத்தில் கூண்டுக்குள் மின்விசிறி ஒன்று மாட்டி, பெருக்கிக்கொண்டே தூசியை வெளியே தள்ளினேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வருடத்தில் சாயங்காலமானால் வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும். புறா எச்சத் தூசியும் இறகுத் தூளும் நுரையீரலைக் கெடுக்கும் ஒவ்வாமை என்று டாக்டர் சொன்னார். புறா வளர்ப்பவர்களுக்கு வருகிற நோய் என்று அதற்குத் தனியாகப் பெயரே இருக்கிறது. புறாவை விடச் சொன்னார். புறாவை விடவில்லை, பெருக்குவதை விட்டேன். புறாக்கள் பறக்கப் போயிருக்கும் நேரத்தில், என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, எல்லாப் பலகையையும் திறந்து வைத்துத்தான் இப்போது சுரண்டுகிறேன். நாள்பட்ட எச்சமாக இருந்தால் முதலில் கைத்தெளிப்பானால் லேசாக நனைத்துக்கொள்வேன், அதுவும் பிறகு காய்வதற்கு வெயில் இருக்கிற நாளில் மட்டும்.

இருப்பு வைக்கிற விஷயம் ஒன்று பாக்கி. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையும் பொங்கியது. மாடியில் கூண்டு பத்திரம். ஆனால் தைக்கு என்று வாங்கிய ஐந்து சாக்குச் சுருளைக் கீழே மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன். அடிச் சாக்கு இரண்டு நனைந்துவிட்டன. தூக்கிப்போட மனசு வராமல் நாலு வெயில் காய வைத்துப் போட்டேன். காய்ந்தது, ஆனால் மட்கிய வாசனை போகவில்லை. அந்த வாசனையை நான் மதித்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் நாலு குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சிழுத்துச் செத்தன. நுரையீரலில் பூஞ்சணம் என்றார் கால்நடை மருத்துவர். ஒரு தடவை பூஞ்சணம் பிடித்த சுருளை வெயில் சுத்தமாக்காது, பூஞ்சண வித்து அதிலேயே காய்ந்து கிடக்கும். இப்போது தீபாவளிக்கு முன்பே வாங்கி, பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்து, செங்கல் மேல் வைத்துவிடுகிறேன்.

அள்ளியதை எங்கே போடுவது என்றால், சாக்கடையில் மட்டும் வேண்டாம். நான் பழைய பெயிண்ட் டிரம் இரண்டில் எச்சத்தையும் சுருளையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி வைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா மல்லிச் செடிக்குக் கேட்டுக்கொண்டே இருப்பார். "புதுசை அப்படியே கொட்டிடாதீங்கக்கா, வேர் வெந்துடும்" என்று சொல்லி, நாலைந்து மாதம் மட்கிய பிறகுதான் கொடுப்பேன். போன வாரம் ஒரு டிரம் காலியானது. மற்றது இன்னும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது.